லேப் கம்ப்யூட்டரை மட்டும் அணைக்க வேண்டாம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வண்டிகளுக்கான ரப்பர் குழாய்கள் செய்கிறார்கள். எனக்கும் ரப்பருக்கும் சம்பந்தமில்லை. அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிரிண்டரில் தாள் சிக்கினால் கூப்பிடுவார்கள். பாஸ்வேர்டு மறந்தால் கூப்பிடுவார்கள். யாருமே கூப்பிடாத, ஆனால் எனக்கு எந்நேரமும் உறுத்திக்கொண்டே இருக்கும் வேலை ஒன்று உண்டு. அது அப்டேட்.

மாதா மாதம் அது வரும். தானாகவே இறங்கிக் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் அது வேலைக்கு ஆகும். எங்கள் ஆட்கள் அணைக்க மாட்டார்கள். சாயங்காலம் திரையை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். காலையில் மூலையில் ஒரு கட்டம் எழும்பி, ரீஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்கும். 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்துவார்கள். கண் கூடப் பார்க்காது, விரல் தானாகப் போகும். இப்படியே தள்ளிக்கொண்டு போனால், தலைமை அலுவலகம் வைத்த கெடு முடிகிற நாளில் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் தானே அணைந்து எழும். பாதி அடித்த பில், சேமிக்காத கணக்கு, எல்லாம் போகும். அப்போது மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள்.

கட்டாயப்படுத்தினால் திட்டு. விட்டுவிட்டால், வெளியிலிருந்து வைரஸ் ஏதாவது புகுந்து மொத்தமும் முடங்கினால், பதில் சொல்ல வேண்டியவள் நான். தெருமுனை வரை போனபிறகு கேஸ் மூடினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். குழந்தை தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். இந்த வேலைக்கு நான் பொருத்தமானவளா, பொருத்தமே இல்லாதவளா என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் சேர்ந்த வருடம் ஆயுதபூஜைக்கு ஒன்று நடந்தது. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் ஆட்கள் கம்ப்யூட்டரை முறையாக அணைப்பார்கள். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டு மேல் ஒரு முழம் பூ. பல வாரமாகப் 'பிறகு' என்று தள்ளிப்போட்ட அப்டேட்டுகள் எல்லாம், அணைக்கச் சொன்ன அந்த நிமிடத்தில் ஒன்றாக வேலை தொடங்கின. 'மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம்' என்று எல்லாத் திரையிலும் எழுதியிருந்தது. அந்த எழுத்தின் மேலேயே யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தாயிற்று, பொரி கொடுத்தாயிற்று. வழக்கப்படி எலக்ட்ரீஷியன் அண்ணன் மெயின் சுவிட்சை இறக்கினார். நானும் பொரிப் பொட்டலத்தோடு அங்கேதான் நின்றிருந்தேன். விடுமுறை முடிந்து வந்தபோது பாதிக்குமேல் கம்ப்யூட்டர்கள் எழவில்லை. வாசலில் லாரிகள் நின்றன. பில் போட ஆளிருந்தும் பில் போட முடியவில்லை.

"இன்னாமா, சாமி கும்ட்டதும் பொட்டிங்கல்லாம் மோட்சத்துக்குப் பூடுச்சா?" என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டேன். தானாக ரீஸ்டார்ட் ஆவதை என்னால் முடிந்தவரை நிறுத்தி வைத்தேன். பதிலாக, டீ நேரத்தில் ஒவ்வொரு இடமாகப் போவேன். "இப்போ பண்ணிக்கலாமா?" என்று கேட்பேன். அவர்கள் சேமித்துவிட்டு டீக்குப் போவார்கள். திரும்பி வருவதற்குள் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும். கணக்குப் பிரிவு சார், "நாளைக்குப் பண்ணிக்கலாமேம்மா" என்று தினமும் சொல்வார். மறுநாளும் போய் நிற்பேன். தலைமை அலுவலகத்தில் என் மேலதிகாரி, ஒரு பொத்தானில் முடிகிற வேலைக்கு ஏன் வீடு வீடாகப் போகிற மாதிரி போகிறாய் என்று போனில் கேட்டார்.  யாருடைய வேலையையும் பாதியில் பிடுங்கக் கூடாது என்று நினைத்தேன். அதைச் சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் என்று சொல்லவில்லை.

இந்த முறையைப் புரிந்துகொண்டவர் லேப் அக்கா ஒருத்தர்தான். குழாய்களைச் சோதிக்கும் லேப் அவர் பொறுப்பு. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவார். எத்தனையோ வருடமாக வேலை பார்க்கிறார், ஆனால் இன்னும் ஒப்பந்த ஊழியர்தான். முதல் தடவை நான் அவர் கம்ப்யூட்டரிடம் போய் நின்றபோது குறுக்கே கையை நீட்டினார்.

"தூங்குற பாப்பாவ நீ எழுப்புவியா?"

"மாட்டேன்க்கா."

"அப்ப என் கம்ப்யூட்டர மட்டும் ஏன் எழுப்ப வர?"

"இது முழிச்சிட்டுத்தானேக்கா இருக்கு?"

"முழிச்சிட்டிருக்கிற பாப்பாவப் படுக்க வெக்கறது அதைவிடக் கஷ்டம். போ, டெஸ்ட் முடியட்டும், நானே கூப்பிடறேன்."

சொன்னபடியே கூப்பிடுவார். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு நெருக்கம். என் மகளுக்கு இரண்டரை வயது. கரையான்சாவடியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிறேன். அவளுக்குச் சளி பிடித்தால் என் முகத்தைப் பார்த்தே அக்கா கண்டுபிடித்துவிடுவார். "காலைல அழுதாளா? நீ கெளம்பினதும் நிறுத்தியிருப்பா. நீதான் இன்னும் நிறுத்தல" என்பார்.

அடுத்த வருடம் ஆயுதபூஜைக்குச் சில நாள் முன்பு ஒரு பெரிய சோதனை ஆரம்பித்தது. குழாயை இயந்திரத்தில் பொருத்தி, சூடான எண்ணெயை அழுத்தி உள்ளே விட்டு, உடனே இழுத்துக்கொள்ளும். திரும்ப அழுத்தும், திரும்ப இழுக்கும். லேப்புக்கு வெளியே நின்றாலே தப், தப் என்று கேட்கும். பூஜை, விடுமுறை எல்லாம் தாண்டி, நாள் கணக்கில் இரவும் பகலும் ஓட வேண்டும். ஒவ்வொரு அடியையும் கம்ப்யூட்டர் எண்ணி, அழுத்தத்தைக் கோடாக வரைந்துகொண்டே போகும். நடுவில் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. புதுக் குழாய் மாட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது வாடிக்கையாளர் போட்ட விதி.

அந்த வாடிக்கையாளர் ஏற்கெனவே எங்கள் குழாயை ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார். கலவையை மாற்றிச் செய்த புதுக் குழாய் இது. இதுவும் தேறாவிட்டால் இந்த ஆர்டர் போய்விடும், லேப்பை மூடிவிட்டு வேறு மாநிலத்தில் இருக்கும் எங்கள் இன்னொரு ஆலையிலேயே சோதித்துக்கொள்வார்கள் என்று மேலாளர் கேன்டீனில் வைத்தே சொல்லிவிட்டார். நிரந்தர ஊழியர்களுக்கு அங்கே இடம் உண்டு.

"எல்லாரும் அங்க டிரான்ஸ்பர் ஆவாங்க" என்றார் அக்கா. "நான் நெமிலிச்சேரிக்கு டிரான்ஸ்பர் ஆவேன். நடந்தே ஊட்டுக்குள்ள போயிடலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் மகள் நர்சிங் படிக்கிறாள். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. இந்த மாத அப்டேட் அவசரமானது. பூஜை விடுமுறைக்கு முன் எல்லாக் கம்ப்யூட்டரிலும் முடித்திருக்க வேண்டும். முடிக்காதவை கெடு தாண்டியதும் தாமாகவே ரீஸ்டார்ட் ஆகும், தள்ளிப்போட வழி கிடையாது. நான் எழுதி, திருத்தி, திரும்ப எழுதி, லேப் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கேட்டேன். சோதனை முடியும்வரை என்று கொடுத்தார்கள். என் லேப்டாப்பில் விலக்குப் பட்டியல் என்று ஒரு பக்கம் திறந்து, அதில் அந்தக் கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு டிக் போட்டேன். அந்த டிக் இருக்கும்வரை அது அணையாது. கெடு தாண்டியபின் எடுத்தால், சற்று நேரத்தில் தானே அணைந்து எழும். டிக் போட்டபிறகு, சரியாகத்தான் போட்டோமா என்று எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகு வேறு கவலை. விலக்குக் கொடுத்ததாலேயே அந்த ஒரு கம்ப்யூட்டர் வழியாக ஏதாவது புகுந்துவிட்டால்?

பூஜை அன்று மற்ற எல்லாவற்றையும் காலையிலேயே ரீஸ்டார்ட் செய்து முடித்தேன். லேப் கம்ப்யூட்டரின் மேல் 'இதை மட்டும் அணைக்க வேண்டாம்' என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போய் லேப் லைனை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.

"காலைலேர்ந்து இதோட எத்தினி வாட்டி சொல்லிட்ட? எழுதி வேற ஒட்டிகீற. நான் கண்ணு தெரியாதவனா?"

"இல்லண்ணா, போன தடவை மாதிரி..."

"போன தபா நீ சொல்லல. இந்த தபா சொல்லிகினே கீற. போம்மா, போய் பொரி துன்னு."

அக்கா ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்கே சந்தனம் வைத்தார். திரையில் வைக்காமல் அதன் ஓரச் சட்டத்தில் குங்குமம் வைத்தார். கோடு மறைந்துவிடக் கூடாதாம். விடுமுறையிலும் பகலில் அவர்தான் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டைத் தாண்டும்போதும் எனக்குத் தப், தப் என்று கேட்டது.

மறுநாள் கணவரும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாங்காடு கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். வரிசையில் நின்றபடி போனை எடுத்தேன். லேப் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருக்கும். புள்ளி சாம்பல் நிறத்தில் இருந்தது.

"லீவு நாள்ல கூடவா? சாமியப் பாரு" என்றார் கணவர்.

"ஒரு நிமிஷங்க" என்று குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, ஓடுதா? எனக்குப் பச்சை காட்டலை."

"ஓடுது, ஓடுது. உன் போன்ல நெட்டு இருக்காது, அதான். மணிச் சத்தம் கேக்குது, கோயில்லயா?"

"மாங்காட்டுல. க்யூவுல நிக்கறோம்."

"எனக்கும் சேத்து வேண்டிக்கோ."

சொல்லிவிட்டுப் போனை வைக்கவில்லை. பின்னால் அந்தத் தப், தப் கேட்டது.

"கேளேன்" என்றார் கொஞ்சம் கழித்து. "கோடு எறங்குது. காலைலேர்ந்து பாக்கறேன். குழாயில ஒரு எடத்துல லேசா வீங்கியிருக்கு. முடியறவரைக்கும் தாங்காது போல."

 வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற அம்மாள் என் முதுகைத் தொட்டு முன்னே தள்ளினாள்.

"அந்த லாட்டுல, ஒன்னாச் செஞ்ச மத்த குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் கையால தடவிப் பாத்தேன். இது ஒன்னுதான் ஏதோ கோளாறு. வேற ஒன்ன மாட்டி ஓட்டினா தேறிடும்."

"மாட்ட முடியாதாக்கா?"

"நடுவுல எப்படி மாட்டறது? நான் அணைச்சா நான் அணைச்சதா ஆயிடும். மேல கேமரா வேற பாத்துட்டிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல எல்லாருக்கும் உன் அப்டேட்டு தானா வந்து அடிக்குதே. இங்கயும் அப்படி வந்துட்டா, யாரையும் கொற சொல்ல முடியாதில்ல? முதல்லேர்ந்து ஓட்டுங்கன்னுதான சொல்லுவாங்க?"

"அக்கா..."

"சும்மா கேட்டேன். நீ சாமி கும்பிடு."

சன்னிதியில் நின்றபோது என்ன வேண்டினேன் என்று நினைவில்லை. எதுவும் வேண்டவில்லை என்றே நினைக்கிறேன். குழந்தை என் தலையிலிருந்த பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, அவளுக்குச் சோறு ஊட்டித் தூங்க வைத்தேன். மதிய வெயில் ஜன்னலில் இருந்தது. கணவர் வெளியே போயிருந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். பச்சைப் புள்ளி இருந்தது. விலக்குப் பட்டியலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி, அதற்கு நேராக என் டிக். அதை எடுத்தால் போதும். எடுத்ததற்குக் காரணம் கூடச் சொல்லலாம்: அவசர அப்டேட், பாதுகாப்பு. தலைமை அலுவலகம் பாராட்டவும் செய்யும்.

அக்கா சொன்னது உண்மையாக இருக்கலாம். ஒரு குழாய் கோளாறாக இருந்து மற்றதெல்லாம் நன்றாக இருக்கலாம். அவர் கை எத்தனையோ குழாய்களைத் தடவிய கை. ஆனால் அந்தக் குழாய் போகப்போவது ஏதோ ஒரு வண்டிக்குள். பிரேக்குக்கு எண்ணெய் கொண்டு போகிற குழாய் அது. அந்த வண்டி ஒரு பள்ளிக்கூட வேனாக இருக்கலாம். அடுத்த வருடம் என் மகள் ஏறப்போகிற வேனாகவும் இருக்கலாம். ஒரு லாட்டில் ஒன்று கெட்டிருந்தால் மற்றதில் இல்லை என்று யார் சொல்வது? அதைச் சொல்லத்தானே இந்தச் சோதனையே?

இப்படி நினைத்ததால்தான் டிக்கை எடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்தப் பக்கத்தில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று எல்லாம் பதிவாகும். என் பெயர் விழும். யாராவது கேட்டால் என் குரல் நடுங்கும், அது எனக்குத் தெரியும். பயந்துதான் விட்டேனா, சரி என்று நினைத்து விட்டேனா? அன்றைக்கே என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குழந்தை புரண்டு படுத்துக் கண் விழித்தாள். லேப்டாப்பை மூடினேன். சாயங்காலம்வரை போன் வந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

விடுமுறை முடிந்து போனபோது கேட்டிலேயே தெரிந்துவிட்டது. தப், தப் கேட்கவில்லை.

லேப்பில் இயந்திரத்தின் கண்ணாடிக் கதவு உள்பக்கம் முழுக்க எண்ணெய். குழாய் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. திரையில் கோடு கடைசியில் செங்குத்தாக விழுந்து, அதன்பிறகு தரையோடு தரையாக ஓடியிருந்தது. கடைசி அடிவரை ஒன்று விடாமல் எண்ணி வைத்திருந்தது கம்ப்யூட்டர். யாரும் சந்தேகப்பட வழியில்லாத அளவுக்குச் சுத்தமான பதிவு. மேலாளர் வந்து நின்று பார்த்துவிட்டு, "சரி, ரிப்போர்ட் போட்ருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பழந்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு துணி எடுத்தேன்.

"விடு, உன் டிரெஸ்ல ஆயிடும்."

"பரவால்லக்கா."

"நீ ஒன்னும் பண்ணலல்ல?"

"ஒன்னும் பண்ணலைக்கா."

"சரி" என்றார்.

அந்தச் 'சரி'யை நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், ஸ்கூட்டியில் திருவேற்காடு வழியாக வீடு திரும்பும்போதெல்லாம். நல்லவேளை என்பது போலவும் சொல்லலாம். உன்னால் அவ்வளவுதான் முடியும் என்பது போலவும் சொல்லலாம். அவர் எப்படிச் சொன்னார் என்பது கேட்ட எனக்கே தெரியவில்லை. அன்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சாயங்காலம் ரிப்போர்ட்டை அனுப்பியபிறகு அவரே என்னைக் கூப்பிட்டார், எப்போதும் போல. "வா, உன் அப்டேட்டப் போட்டுக்கோ. டெஸ்ட்தான் முடிஞ்சிடுச்சே."

நான் நாற்காலியில் உட்காரப் போனேன். "இரு, நானே அமுக்கறேன்" என்று மவுஸை வாங்கிக்கொண்டார். திரையின் ஓரச் சட்டத்தில் குங்குமம் காய்ந்து உதிர்ந்திருந்தது. நான் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. அவர் அழுத்தினார். திரை நீலமாகி, வட்டம் சுழன்று, மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம் என்று எழுதிக் காட்டியது.

"நேரமாகும்க்கா. நீங்க கெளம்புங்க, உங்க ரயில் போயிடும்."

"எத்தன நாளா எனக்காகக் காத்துட்டிருந்துது. நான் கொஞ்சம் காத்திருந்தா என்ன?"

இரண்டு பேரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். காப்பகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது, குழந்தையை அழைத்துப் போக நேரமாகிவிட்டதென்று. கடைசியில் திரை எழுந்து பாஸ்வேர்டு கேட்டது. அக்கா அடித்தார். உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

"இவ்ளோதானா? இதுக்கா இத்தன நாள் பயந்தோம்?" என்று எழுந்து பையை எடுத்துக்கொண்டார்.

பொங்கலுக்குப் பிறகு லேப்பை மூடினார்கள். இயந்திரத்தைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். டீ நேர வழக்கமும் போய்விட்டது. தலைமை அலுவலகமே இப்போது எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரே நேரத்தில் அணைத்து எழுப்புகிறது. திட்டு மட்டும் எனக்கு வருகிறது. கணக்குப் பிரிவு சார், "நீ கேட்டப்பவே பண்ணியிருக்கலாம்மா" என்கிறார்.

லேப்பை மூடுவதற்கு முன், அக்காவின் கடைசி நாளன்று எனக்கு ஒரு மெயில் வந்தது. அவருடைய பயனர் கணக்கை இன்றைக்குள் முடக்க வேண்டும் என்று வழக்கமான இரண்டு வரி. யார் வேலையை விட்டாலும் வருகிற மெயில்தான். கணக்கைத் திறந்து பார்த்தேன். அவர் அப்போதும் உள்ளேதான் இருந்தார், ஏதோ ஒரு கோப்பில். பச்சைப் புள்ளி எரிந்தது. முடக்கினால் அந்த நிமிடமே வெளியே தள்ளிவிடும்.

நான் எழுந்து லேப் வரை நடந்தேன். கதவருகே நின்று கேட்டேன்.

"அக்கா, இப்போ பண்ணிக்கலாமா?"

அவர் திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டினார். "டீ வரைக்கும் விடு."

டீ வரைக்கும் விட்டேன்.